ஈடு

கடனின் நோக்கம் என்ற பெட்டிக்குள்
ஏற்கெனவே அச்சடித்திருக்கிறார்கள்:
வீடு. வள்ளம். உழவு இயந்திரம். மாடு.
'மற்றவை' என்பதற்கு எதிரே
ஒரு விரற்கடை இடம்.
அதற்குள்தான் அவள் எழுத வேண்டியிருந்தது
விமானி ஆவதற்கு என்று.
கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிவிட்டது.

பிரணவரூபன் சாம்பவி, வயது இருபத்தொன்று.
தகப்பன் சுன்னாகம் சந்தியில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறார்.
அவளுடைய நகக்கண்ணிலும் கொஞ்சம் கிரீஸ்.
இரத்மலானையில் பயிற்சி, இருநூறு மணித்தியாலம்.
மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று
அவர்கள் அனுப்பிய விலைப்பட்டியலை
என் பக்கம் திருப்பி வைத்தாள்.
தொண்ணூற்றாறு இலட்சம்.
இந்தக் கதிரையில் எனக்குப் பதினேழு வருசம்.
பூச்சியங்களைப் பேனையால் தொட்டு எண்ணினேன்.

"வேலை கிடைக்குமோ பிள்ளை?"
"கிடைக்கலாம்."
கடன் கேட்டு வருகிறவர்கள்
'லாம்' என்று முடிப்பதில்லை.
எனக்கு அது பிடித்துப்போனது.

ஈட்டுக்கு என்ன இருக்கு என்றேன்.
பொலித்தீன் பையிலிருந்து ஓர் உறுதி வந்தது.
ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தெட்டு.
மடிப்புகளில் செலோடேப்.
இத்தியடிப்புலம் எனும் காணி, பரப்பு ஆறு.
கிழக்கு ஒழுங்கை, வடக்கு வைரவர் கோயில் வளவு,
கிணற்றில் நாலிலொரு பங்கும்
தண்ணீர் ஓடும் வாய்க்கால் உரிமையும்.
ஊர், வசாவிளான்.

பேனை நின்றது.

"விட்டிட்டாங்களோ?"
"ஒழுங்கை மட்டும் விட்டது.
எங்கட துண்டு வேலிக்கு அங்கால."
அப்போதுதான் தகப்பன் வாய் திறந்தார்:
"ஓடுபாதை வெளிச்சக் கம்பம் ஒண்டு
எங்கட கிணத்தடியில நிக்குதாம்.
ஆரோ சொன்னது. நாங்கள் காணேல்லை."

மதிப்பீட்டாளர் காணியைக் கண்ணால் பார்க்க வேண்டும்.
அது விதி.
'காணியை அடையும் வழி' என்று
படிவத்தில் ஒரு வரி இருக்கிறது.
ஆகாயம் என்று எழுதினேன்.
வெட்டினேன்.
வெட்டினாலும் தெரிந்தது.
வேறு படிவம் எடுத்தேன்.

அவளிடம் ஒன்று கேட்க இருந்தது,
எந்தப் படிவத்திலும் இல்லாதது.
அந்தச் சத்தம் வந்தால் நாங்கள்
பங்கருக்குள் காதைப் பொத்தி
பல்லுக்கிடையில் பென்சிலைக் கடித்துக்கொண்டு கிடந்தோம்.
அதற்குள் ஏறி இருக்க
உனக்கு எப்படியடி மனம் வந்தது?

கேட்கவில்லை.
அந்த நேரம் பார்த்துச் சென்னை விமானம்
பலாலிக்கு இறங்கியது.
வரிசையில் நின்ற ஒருவரும் நிமிரவில்லை.
என் இடது கை மட்டும்
மேசைக்கடியில் போயிருந்தது.
அவள் மணிக்கூட்டைப் பார்த்துத்
தகப்பனிடம் சொன்னாள்:
"இண்டைக்குப் பதினொரு நிமிசம் பிந்தி."

தலைமையகத்தின் பதில் செவ்வாய்க்கிழமை வந்தது.
காணி ஏற்கத்தக்கதல்ல.
அரச ஊழியர் இருவர் பிணை நின்றால்
முப்பது இலட்சம்.
தொலைபேசியில் அவள் கொஞ்சநேரம் பேசவில்லை.
அழுகிறாள் என்று நினைத்தேன்.
கணக்குப் பார்த்திருக்கிறாள்.
"அறுபத்திரண்டு மணித்தியாலம் வரும் மிஸ்.
முதல் லைசன்சுக்கு அது காணும்.
மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

ஒரு பிணை, தெல்லிப்பளை ஆஸ்பத்திரியில்
மருத்துவிச்சியாக இருக்கும் சின்னம்மா.
மற்றக் கோடு வெறுமையாய்க் கிடக்கிறது.
என் கிளையில் நான் கையெழுத்து வைக்கக் கூடாது.
என்ரை மனிசன் வைக்கலாமோ என்று
பழைய சுற்றறிக்கைகளைக் கிண்டினேன்.
கூடாது என்றும் இல்லை,
ஆம் என்றும் இல்லை.

இரவு தோசை பிரட்டிக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன்.
கணித வாத்தியார்.
"விழுந்தால்?" என்றார்.
"எது?"
"தவணை" என்றார், கொஞ்சம் பிந்தி.
பிறகு அடுப்பைக் குறைத்துவிட்டு,
"எனக்குப் பென்சனுக்கு ஏழு வருசம்.
கடன் எத்தினை?"
எட்டு.

வேறொன்றும் கதைக்கவில்லை.
இரண்டு நாளாக
வீட்டுத் திறப்புகள் போடும் தட்டில்
அவருடைய சம்பளச் சிட்டை கிடக்கிறது,
நான் கேட்காமலே.