இடது மிதவை, மூன்றாம் அறை

கோடியாக் தீவு. அக்டோபர். காலை ஐந்தரை.
மழை என்று சொல்ல முடியாது,
மழை இல்லை என்றும்.
ஃபெடோசியா மரத்துறையில் மண்டியிட்டு
மிதவை விமானத்தின் வயிற்றில்
கைபம்பைச் செருகுகிறாள்.
அறைக்கு எத்தனை இழுப்பு என்று
அவள் தோள்பட்டைக்கு மனப்பாடம்:
இரண்டு, இரண்டு, மூன்று.
மூன்றாம் அறையில் மூன்றைத் தாண்டியது.
ஐந்து. ஒன்பது.
பதினேழாவதில்தான் பம்பு
காற்றை உறிஞ்சி இருமியது.

அலுமினியம் வெற்றுடம்போடு நிற்பதே இல்லை.
கீறிப் பாருங்கள்,
இமைப்பதற்குள் காற்றிலிருந்து ஒரு சட்டை நெய்து
போட்டுக்கொண்டிருக்கும்.
ஒரு தலைமுடியின் தடிமனில்
இருபதாயிரம் சட்டைகளை அடுக்கலாம்.
ஆனாலும் அது போதும், மழைக்கு.
மலைமேல் ஏரிகளுக்குப் போதும்.
கரடி நகத்துக்குக்கூட,
கீறிய மறுகணம்.

குளோரைடு சட்டையைக் கிழிப்பதில்லை.
தடவிப் பார்க்கும்.
எங்கே ஒரு பொத்தான் விட்டுப்போயிருக்கிறது என்று
வாரக்கணக்கில் தடவும்.
வலு சேர்க்கவென்று உருக்கும்போது கலந்த செம்பு
எங்கோ ஒரு மணியாய்த் திரண்டிருக்கும்.
அதன் ஓரத்தில் நெசவு சரியாக விழுந்திருக்காது.
அங்கே.

பிறகு நடப்பதெல்லாம் உள்ளே.
கரைந்த உலோகம் நீரை உடைத்து அமிலமாக்கும்.
அமிலத்தில் புதுச் சட்டை நிற்காது.
கரைவது நேர்மின்னேற்றம். அதைச் சமன்செய்ய
வெளியே நின்ற குளோரைடு
இன்னும் இன்னும் உள்ளே அழைக்கப்படும்
(அழைப்பது குழிதான், கவனியுங்கள்).
வாயிலில் வெள்ளைக் களிம்பு மூடிக்கொள்ளும்.
மூடிவிட்டால்
மேலே அலையடிக்கும் கடலுக்கே தெரியாது
தன்னைவிடப் புளித்த ஒரு சொட்டு
கீழே ஆழம் தோண்டுவது.
உப்பு எதையும் தின்பதில்லை.
வேலை முடிந்தும் குறையாமல் அப்படியே இருக்கும்.

கரையேற்றிய மிதவைக்கு அடியில்
அவள் மல்லாந்து கிடக்கிறாள்.
ரிவெட் வரிசைக்கு இரண்டு விரல் தள்ளி
மாவு சிந்தியதுபோல் ஒரு வெளுப்பு.
பல் வைத்தியரின் கொக்கி போன்ற ஊசியால் தொட்டாள்.
ஊசி நிற்கவில்லை.
அறைக்குள் டார்ச்சை இறக்கிவிட்டு
மறுபடி குனிந்து பார்த்தால்
கடுகளவு வெளிச்சம்,
பக்கத்தில் இன்னொன்று.

"குண்டூசித் தலை அளவு,"
ஹால்வர்சன் சொன்னான், காபிக் கோப்பையோடு.
"கொஞ்சம் பசை அப்பு.
கார்லுக்கில் தபால் மூட்டைக்குக் காத்திருக்கிறார்கள்."
அவன் விமானி. அவனுக்கு வானிலைதான் ஓட்டை.

அவள் பதில் சொல்லாமல் கொட்டகைக்குப் போய்
பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள்.
ஜூலை. சால்மன் கூட்டமாய் வந்த வாரம்.
ஒன்பது முதல் பதின்மூன்று வரை
ஒவ்வொரு வரியிலும், நல்ல கையெழுத்தில்:
நன்னீரால் கழுவப்பட்டது. ஃபெ.
அந்த ஐந்து நாளும் குழாய் உடைந்து
துறையில் ஒரு வாளி நன்னீர் இல்லை.
அந்த ஐந்து நாள்தானா,
அதற்கு முந்தைய பதினான்கு வருடக் கடலா?
ஊசிக்குச் சொல்லத் தெரியாது.

உப்பைத் தின்றவர் தண்ணீர் குடிக்க வேண்டும்.
மிதவை குடித்தது, பதினேழு இழுப்பு.

அவள் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினாள்.
ஐந்து வரிகளையும் அடிக்கவில்லை;
அடித்தால் அதுவும் ஒரு மூடி.
ஓரத்தில், சிறிய எழுத்தில்,
ஐந்து முறை எழுதினாள்: கழுவவில்லை.
இன்றைய தேதி.
முழுப்பெயர், அப்பன் பெயரோடு.

புரொபெல்லரில் சிவப்பு அட்டை ஆடுகிறது.
ஹால்வர்சன் தொலைபேசியில் யாரிடமோ
வியாழக்கிழமை என்கிறான்,
பிறகு, தெரியாது என்கிறான்.
பறக்கப்போகாத விமானத்தின் வலது மிதவையை
ஃபெடோசியா கழுவிக்கொண்டிருக்கிறாள்.
குழாய்நீர் விரலை மரக்க வைக்கும் குளிர்.
ஒவ்வொரு ரிவெட்டுக்கும் நின்று,
அடுத்ததற்கு நகர்ந்து.