ஆறாம் பாடம்

பதினோரு கணினிகள்.
ஒன்றில் விசிறி மட்டும் சுற்றும், திரை எழாது.
அதன் முன்னால் உட்கார நேர்ந்தவள்
அன்றைக்குப் பக்கத்துக்காரியின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக் கற்க வேண்டும்.
கம்பி வர வேண்டிய துளையைச்
சிமென்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள்.
பூசியவனின் விரல் தடம் அப்படியே இருக்கிறது;
அவசரக்காரன்.

திங்களும் வெள்ளியும்
திபிலிசியிலிருந்து மினிபஸ் பிடித்து வருகிறாள் தெக்லே.
இருபத்தாறு வயது.
வாசலில் அவள் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.
ஒன்றரை மணி நேரத்துக்கு அவளும் எங்களைப் போல.

முதல் பாடம் மவுஸ்.
சியாலா அதை மாவு தேய்ப்பதுபோல் தேய்த்தாள்.
அம்பு திரையின் மூலையில் போய் ஒட்டிக்கொண்டு
கெஞ்சியும் வரவில்லை.
மேசை முடிந்துபோனால் தூக்கி நடுவில் வைத்துக்கொள்ளலாம் என்பது
நாற்பத்தொன்பது வயதில் எனக்குப் புதிய செய்தி.

இரண்டாவது, எழுத்துகள்.
ஜார்ஜிய மொழிக்கு முப்பத்துமூன்று; விசைகள் போதாது.
மிச்சமானவை ஷிஃப்டுக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன.
கடவுள் என்று எழுத
இரண்டு தடவை ஷிஃப்டை அழுத்த வேண்டும்.
சாவிக்கு ஒரு தடவை.
ரொட்டிக்குத் தேவையே இல்லை.

மூன்றாவது, செய்ததைச் செய்யாததாக்குவது.
கன்ட்ரோல், இசட்.
சொன்ன பிறகுதான் தெக்லே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
நஜிப்ரோலா முதலில் சிரித்தாள்,
பிறகு எல்லாரும்,
வார்டர் கதவைத் திறந்து பார்க்கும் வரைக்கும்.
எவ்வளவு தூரம் பின்னால் போகும் என்று கேட்டேன்.
கோப்பைத் திறந்த நேரம் வரைக்கும்.
மூடிவிட்டால் அவ்வளவுதான்.

நான்கும் ஐந்தும் எனக்குக் காய்ச்சலில் போயின.

ஆறாவது, இணையம்.
அது இங்கே கிடையாது.
பலகையில் நீளமாய் ஒரு கட்டம் போட்டாள்,
ஓரத்தில் ஒரு பூதக்கண்ணாடி.
அதே கட்டமும் அதே கண்ணாடியும் வரைந்த சீட்டுகளை
ஆளுக்கொன்றாய்க் கொடுத்தாள்.
தேட நினைப்பதை எழுதுங்கள்,
வெள்ளிக்கிழமை எடுத்துப் போகிறேன்,
திங்கட்கிழமை அச்செடுத்து வருகிறேன்.
போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை
வார்டர் படிப்பார்.

ஒரு தேடலுக்கு மூன்று நாள்.

ஜெஸ்தபோனியில் மழையா என்று கேட்டாள் நஜிப்ரோலா.
மழைதான். சனிக்கிழமை பெய்த மழை
திங்கட்கிழமை அவள் கைக்கு வந்தது.
ஹேசல்நட் கிலோ என்ன விலை என்று சியாலா கேட்டதற்கு
நாலு விலை வந்தது,
எது நிஜம் என்று இரவுச் சூப் வரைக்கும் சண்டை.
கேள்வியில் ஊரைச் சேருங்கள், வருடத்தைச் சேருங்கள்,
அப்போதுதான் சரியாகக் கிடைக்கும் என்றாள் தெக்லே.

நான் என் மகனின் பெயரை எழுதினேன்.
அழித்துவிட்டு,
வெளுத்த சீமைமாதுளை ஜாமாகும்போது ஏன் சிவக்கிறது
என்று எழுதினேன்.
ஒரு பக்கம் நிறைய பதில் வந்தது,
புளிப்பு, சூடு, பொறுமையாய் வேகவிடும் நேரம்.
படம் கறுப்பு வெள்ளையில் இருந்தது.
சிவப்பு எனக்கு ஞாபகம் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அழிக்கவில்லை.
பெயர், குடும்பப்பெயர், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை எல்லாருக்கும் அச்சுத்தாள்.
எனக்கு மட்டும் என் சீட்டே திரும்பி வந்தது.
கட்டத்துக்குக் கீழே பென்சிலில்
முடிவுகள் எதுவும் கிடைக்கவில்லை.

எந்த இணையம் பென்சிலில் எழுதும்?
தலை நிமிர்ந்து பார்த்தேன்.
தெக்லே சியாலாவின் திரைமேல் குனிந்திருந்தாள்,
வெகுநேரம்,
அங்கே கோளாறு ஒன்றும் இல்லை.

சுவரில் ஒட்டிய பட்டியலைப் படித்தேன்.
இணையத்தில் வருவதையெல்லாம் நம்பக் கூடாது என்பது
பத்தாம் பாடம்.
நாங்கள் இன்னும் ஆறில்தான் இருந்தோம்.

வெள்ளிக்கிழமை மறுபடி சீட்டு வந்தது.
அதே பெயரை எழுதி
ஊரைச் சேர்த்தேன்,
வருடத்தைச் சேர்த்தேன்.