நடுவில் நிற்கும் முள்

கம்பனிக்காரன் வைத்த முள்
நடுவிலேதான் நிற்கும்.
விடியப்புறம் நாலரைக்குத் திறப்பைத் திருப்பினால்
மெல்ல ஏறி
குளிருக்கும் சூட்டுக்கும் சரிபாதியில் குந்திக்கொள்ளும்.
பிறகு அசையாது.
எண்பது பாகையும் அதற்கு நடு.
நூற்றெட்டும் நடு.
ஊருக்கு போன் எடுத்தால் நான் சொல்கிற
"ஓம், சுகம்" மாதிரி.

போன ஜனவரியில் மங்களேஸ்
இந்த நடுவை நம்பித்தான் ஓடினாள்.
ராபின்வேலுக்கு இருபது கிலோமீற்றர் இருக்க
பொனட்டுக்குள்ளால் வெள்ளைப் புகை.
ஹெட் காஸ்கெட்.
திருத்துகிற கூலி காரின் விலையைத் தாண்டியது.
இப்போது அது வேலியோரம் நிற்கிறது,
பின் சீற்றில் கோழிகள் முட்டையிடுகின்றன.

அதனால் வாங்கினேன்:
ஐம்பத்திரண்டு மில்லிமீற்றர் வட்டம்,
உள்ளே உண்மையான எண்கள்.
அறுபத்தெட்டு டொலர்.
மூன்று மணித்தியாலத் திராட்சை.

ஞாயிற்றுக்கிழமை மில்டுராவில்
ஸ்பானரை வெறுங்கையால் பிடிக்க முடியாத வெயில்.
"கராஜில குடுத்தா அவன் செய்வான்தானே"
என்றான் ரூபகாந்தன்.
அவன் இருநூறு கேட்பான் என்றேன்.
பேசாமல் டோர்ச்சைப் பிடித்தான்.

றேடியேற்றரின் பச்சைத் தண்ணீரை வாளியில் இறக்கி
பூனை நக்காதபடி பலகையால் மூடினேன்.
நல்ல குழாயை நடுவால் வெட்டக்
கை கொஞ்சம் தயங்கியது.
வெட்டினேன்.
இடையில் ஒரு பித்தளைத் துண்டு,
அதன் முதுகில் சென்சர்,
இரு பக்கமும் கிளிப்.

எஞ்சினுக்கும் எங்களுக்கும் இடையிலுள்ள தகரச் சுவரில்
ஒரு ரப்பர் துவாரம் உண்டு.
உடுப்புக் கொழுக்கியை நிமிர்த்தி
அதன் வாலில் வயரைக் கட்டித் தள்ளிவிட்டு
கால் வைக்கிற இடத்தில் தலையை வைத்து
டாஷ்போர்டின் வயிற்றைப் பார்த்துக் கிடந்தேன்.
தூசி. ஐந்து சத நாணயம் ஒன்று.
யாரோ ஒரு பிள்ளையின் மஞ்சள் கிளிப்.
கடைசியில் வயரின் நுனி
எலிக்குஞ்சு போல எட்டிப் பார்த்தது.

சிவப்பைச் சிவப்போடு,
செம்மஞ்சளை விளக்கோடு.
திறப்பைத் திருப்பினேன்.
வட்டம் ஒளிர்ந்தது.
முள் ஒருதரம் முழுதாய்ச் சுற்றிவந்து
அடியில் படுத்தது.
எஞ்சின் சூடேறி, குழாய் கை சுட்டு,
விசிறியும் சுழலத் தொடங்கிவிட்டது.
முள் படுத்தே கிடந்தது.

அரை மணித்தியாலம் ஏசினேன்,
கடைக்காரனை, சீனத்துத் தொழிற்சாலையை,
டோர்ச் பிடித்தவனையும்.
பிறகுதான் விளங்கியது.
பித்தளைக்கு இந்தப் பக்கமும் ரப்பர்
அந்தப் பக்கமும் ரப்பர்.
எவ்வளவு கொதித்தாலும்
அதற்குச் சொல்ல வழியில்லை.
எர்த் இல்லை.

பதினொரு வருஷமாய் பிரிட்ஜிங் விசாவில் இருக்கிறவளுக்கு
இது முதலிலேயே தட்டுப்பட்டிருக்க வேணும்.

பொடியில் ஓரிடத்தில் பெயின்ற்றைச் சுரண்டி
மினுங்குகிற தகரத்தில்
ஒரு சாண் கறுப்பு வயரைப் பூட்டினேன்.
முள் எழும்பியது.
தொண்ணூற்றிரண்டு.
ரூபகாந்தன் டோர்ச்சை அணைக்க மறந்து நின்றான்,
பட்டப்பகலில்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து திரும்புகையில்
வெளியே நாற்பத்துநாலு.
காருக்குள் ஐந்து பேர்,
ஏசி செத்து மூன்று வருஷம்.
பாதாம் தோட்டங்கள் முடிகிற இடத்தில்
மங்களேஸ் சொன்னாள், "நூற்றிரண்டு."
பிறகு, "நூற்றைந்து."
பழைய முள்ளைப் பார்த்தேன். நடு.

ஹீற்றரை முழுதாய்த் திறந்தேன்.
ஹுசைன் என்னைப் பார்த்த பார்வை!
எஞ்சினின் சூட்டில் கொஞ்சத்தை நாங்கள் வாங்கவேணும்
என்பதை அவனுக்கு எந்த மொழியில் சொல்வது.
கண்ணாடிகளை இறக்கினோம்.
வெளியிலிருந்தும் நெருப்பு, உள்ளிருந்தும் நெருப்பு.
யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள், அல்லது இருமினார்கள்.
மங்களேஸ் மட்டும் வட்டத்தில் கண் வைத்து
பரீட்சை முடிவு வாசிக்கிறவள் போல
"நூற்றைந்து.
நூற்றைந்து.
நூற்றைந்து.
நூற்றிநாலு."