முழங்கை வரை

முழங்கை வரை கழுவாமல்
அப்பா எங்களைத் தொட்டதில்லை.
ஆஸ்பத்திரிப் பழக்கம் என்பார்கள். இல்லை,
தலைஞாயிறுக்குக் கிழக்கே, அறுபது உருப்படி நின்ற பட்டியில்
பதினோரு வயதில் வந்தது.

ஐப்பசி அடைமழை. அரிக்கேன் விளக்கு.
முதல்நாள் மாலையிலிருந்து நோக்காட்டில்
ஓர் உம்பளச்சேரிப் பசு.
பெரிய கைகள் நுழையவில்லை.
"வைரக்கண்ணு, நீ விடு" என்றார்களாம்.
கண்ணை மூடிக்கொண்டு
மடங்கிக் கிடந்த முன்னங்காலை
நிமிர்த்தினாராம்.
செவலைக் கன்று. ஆறேழு மாதத்தில்
அதன்மேல் சாம்பல் பூத்தது.

திருவாரூரில் முப்பத்தோரு வருஷம்
குடல், பித்தப்பை, வெடித்த அப்பெண்டிக்ஸ்.
பில்லுக்குப் பதில்
ஒரு வண்டி வைக்கோல் இறக்கிப் போனார் ஒருவர்.
மாடில்லாத வீட்டில் இதை எங்கே வைப்பதென்று
அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

எத்தனை மணிக்கு வந்தாலும்
எங்கள் போர்வையைச் சரிசெய்த பிறகுதான் சாப்பாடு.
பள்ளிக்கூட ரிப்பனுக்குத் தையல் முடிச்சு போடுவார்;
சாயங்காலம் கத்தரிக்கோல்தான் அவிழ்க்கும்.

மயக்க ஊசிக்கு முன் நடுங்குகிறவர்களிடம்
நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம்,
மிரண்ட மாட்டை நிறுத்துகிற சத்தம்.
நர்ஸ் மரியபுஷ்பம் முகத்தைத் திருப்பிச் சிரிப்பார்.
மேசையில் மூச்சு சீராகிவிடும்.

கடைசி வாரம் அவர் கை
போர்வைக்குள் எதையோ தேடியது,
மடங்கிய ஒன்றை நிமிர்த்துவதுபோல.
எனக்கு அந்தச் சத்தம் சரியாக வராது.
இருந்தாலும் போட்டேன்.

ஒரு கண்ணை மட்டும் திறந்து,
"அது எருமைக்கு" என்றார்.