கறிவேப்பிலை என்றால் எல்லாம் நலம்

இரவு எட்டரைக்குத் தனசீலன் கிளம்புகிறார்
ஜேக்கப்ஸ் பக்கத்து எண்ணெய் ஆலைக்கு.
மோட்டார் கதவு முனகித் திறந்து
காரின் பின்விளக்கை வெளியே துப்பிவிட்டு மூடுகிறது.
பிறகுதான் என் வேலை.

முன்வாசலில் இரும்புக் கம்பி, அதற்குள் மரக்கதவு,
சமையலறைக்கு இரண்டு பூட்டு,
குளியலறைச் சன்னலுக்கும் ஒன்று
(ஒரு பூனைகூட நுழைய முடியாது, இருந்தாலும்),
கடைசியாக நடையின் குறுக்கே
படுக்கையறையைத் தனித் தீவாக்கும் மடக்குக் கதவு.
பதினோரு சாவி.
ஐந்தாவது எதற்கென்று எங்கள் இருவருக்கும் தெரியாது.
எறியவும் மனமில்லை.

பூட்டி முடித்ததும் தினமும் உறைக்கிறது:
பயந்து பூட்டிய ஊர் முழுக்க வெளியே.
அந்த ஊரோடு சேர்ந்து
முப்பது வருஷம் என் கையால் சோறுண்டவரும்.

அலாரம் கம்பெனிக்காரன் இரண்டு சொல் கேட்டான்.
ஒன்று, எல்லாம் நலம் என்பதற்கு.
மற்றது, கழுத்தில் கத்தி இருக்கும்போது
நலம் என்பதுபோலவே சொல்வதற்கு.
முதலாவதற்குக் கறிவேப்பிலை என்றேன்,
கொல்லை மரத்தைப் பார்த்துக்கொண்டே.
இரண்டாவதற்கு அவர் யோசிக்கவேயில்லை.
சௌந்தரி.
என் நாத்தனார். அவருடைய கூடப்பிறந்த அக்கா.
அன்றிலிருந்து அவள் போனில் வந்தால்
"சொல்லுங்க மதினி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போன செவ்வாய் பத்து மணிக்கு மின்வெட்டு.
சாட்ஸ்வர்த் மேடு முழுக்க
ஊதிய விளக்காய் அணைந்தது.
ஒரு மணி வாக்கில் வேலியின் பேட்டரியும் செத்தது.
அந்த டிக் டிக் நின்ற பிறகே தெரிந்தது,
இத்தனை வருஷம் அதைத்தான்
தாலாட்டாகக் கேட்டுத் தூங்கியிருக்கிறேன்.

இரண்டு நாற்பதுக்கு அலறல்.
கொல்லையில் கண்ணுக்குத் தெரியாத கோட்டை
எதுவோ அறுத்துவிட்டது.
போனில் நொக்வாண்டா, கட்டுப்பாட்டு அறை:
"உங்க சொல், மேடம்?"
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது.
பிய்த்து எடுத்தபோது கூடவே வந்தது
சௌந்தரி.

அந்தப் பக்கம் ஒரு மூச்சு நின்றது.
"சரி மேடம். தொந்தரவுக்கு மன்னிக்கணும்."
அவ்வளவு மரியாதையாக
யாரும் என்னிடம் போனை வைத்ததில்லை.

திரும்பக் கூப்பிட்டேன்.
கறிவேப்பிலை, கறிவேப்பிலை என்று கத்தினேன்.
"சரி மேடம்," என்றாள் அதே குரலில்.
கத்தி வைத்திருப்பவனும்
அதைத்தானே சொல்லச் சொல்வான்.

ஆறே நிமிஷம். விளக்கில்லாமல் இரண்டு வண்டி.
சுவர் ஏறிக் குதித்த பூட்ஸ் சத்தம் நான்கு ஜோடி.
சன்னலுக்கு வா, இரண்டு கையையும் தூக்கு,
என்றது ஒரு டார்ச்.
தூக்கினேன்.
இரவு உடுப்பில், சொந்த வீட்டில்,
நானே காசு கொடுத்துப் போட்ட கம்பிக்குப் பின்னால்.

கொல்லையில் ஒரு வெள்ளை உருவம்
கையை விரித்து நின்றது.
நான்கு துப்பாக்கியும் அதன் மார்பில்.
காற்று கொஞ்சம் விட்டுக்கொடுத்ததும்
அது மடிந்து உட்கார்ந்தது:
பக்கத்து நாயுடு வீட்டுப் பையனின் பள்ளிச் சட்டை.
கொடியிலிருந்து பறந்து வந்திருக்கிறது.
பையில் பேனா கசிந்த நீலக்கறை.

ம்தொகோசிசி என்பவன் அதை எடுத்து உதறினான்.
என் மகன் வயசுகூட இருக்காது.
காலரைச் சரிசெய்து, கையை உள்ளே மடித்து,
கடையில் மடிப்பதுபோல் மடித்து
கம்பி வழியே நீட்டினான்.
"தண்ணி ஏதாவது குடிக்கிறியா?"
பித்தளைச் செம்பு கம்பிக்குள் நுழையவில்லை.
சாவிக்கொத்தை எடுத்தேன்.
"திறக்காதீங்க ஆன்ட்டி," என்றான்.
"யாருக்கும் திறக்காதீங்க. எனக்கும்."

ஆறு மணிக்கு வாசலில் இரண்டு முறை விளக்கு மின்னியது.
பொத்தானை அழுத்தினேன்.
சோற்றுப் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு
சட்டையைப் பார்த்தார். யாருடையது என்று கேட்கவில்லை.
"ராத்திரி ஒண்ணுமில்லையே?"

கறிவேப்பிலை, என்றேன்.