அரை ஜன்னல்

எண் நாற்பத்தேழு என்று கூப்பிட்டது பெட்டி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செங்கமலம்,
ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் தரை துடைத்துவிட்டு
சீருடையோடு நேரே கொம்தாருக்கு வந்தவள்.
இந்தப் பக்கம் நான்.
அவள் தமிழை மலாயாக்கிக்
கட்டங்களுக்குள் இறக்குவது என் உத்தியோகம்.

வாடகை?
போன மாசம்வரை முந்நூற்று இருபது வெள்ளி.
இப்போது நானூற்றுப் பத்து.
ஏன் ஏற்றினாராம்?
"ஜன்னல் ரூமுக்கு அதான் விலையாம்."
ஜன்னல் இருக்கிறதா?
கொஞ்சம் யோசித்தாள்.
"பாதி இருக்கு."

கார்னாவன் தெருவில், சாவுச்சாமான் கடைக்கு மேல்மாடி.
ஒரே கூடத்தைப் பலகை அடித்து ஆறாக்கியிருக்கிறார்
வீட்டுக்காரர் கதிர்காமத்தம்பி.
கடைசிப் பலகை நேரே போய்
ஜன்னலின் நடுவில் முட்டி நின்றது.
இடது கதவு இவளுக்கு.
வலது கதவு அடுத்த அறை சுலாஸ்திரிக்கு,
மீ கடையில் மங்கு கழுவுகிறவள்.
கொக்கி இடதில்தான்.
இது திறந்தால்தான் அது திறக்கும்.
காற்று வேண்டுமென்றால்
பலகையில் இரண்டு தட்டு தட்டுவாள் சுலாஸ்திரி.
இவள் இரவு வேலைக்குப் போய்விட்டால்
தட்டிப் பயனில்லை.
அதனால் திறந்துவைத்தே போனாள் ஒரு வாரம்.
மழை வந்து மெத்தையில் படுத்துக்கொண்டது.

ஜன்னல்களின் எண்ணிக்கை என்றொரு கட்டம்.
அரை என்று போட்டேன்.
திரை சிவந்தது: முழு எண் மட்டும்.
புவான் ரொஸ்னித்தாவிடம் கேட்டேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார்.
"சுழியம் போட்டால்
இல்லாத ஜன்னலுக்கு என்ன புகார் என்பார்கள்.
ஒன்று போடு."
ஒன்று போட்டேன்.

மறுவாரம் சுலாஸ்திரி வந்தாள்.
அவளுக்கு நான் தேவையில்லை, நான்காம் கவுண்டர்.
அங்கேயும் ஒன்று போட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்காரரும் வந்தார், இஸ்திரி மடிப்புக் கலையாமல்.
எங்கள் எல்லோர் பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது.
ரசீதுகளை வரிசையாகக் காட்டினார்.
போகும்போது ஒரு டப்பா தவுசார் பியா வைத்துவிட்டுப் போனார்.
யாரும் திறக்கவில்லை.
சாயங்காலம் காவலாளி கேட்டார்,
எடுத்துக்கொள்ளுங்கள் என்றோம்.

பரிசோதகர் போன நாளில்
படிக்கட்டின் இரும்புக்கதவு பூட்டிக் கிடந்தது.
அஞ்சடியைத் தாண்டித் தெருவில் நின்று
அண்ணாந்து பார்த்திருக்கிறார்.
இடது கதவு திறந்திருந்தது, வலது சாத்தியிருந்தது.
கீழேயிருந்து பார்த்தால் இரண்டுதான்.
கோப்பிலும் இரண்டுதான்.
இரண்டும் ஒத்துப்போனதில்
அவருக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

முடிவு வந்தது, ஒரு பக்கத்தில்.
இரண்டு அறைகள், இரண்டு ஜன்னல்கள்.
வாடகை ஏற்றம் பெர்பாத்துத்தான்.

பதினொரு வருஷமாக அந்தச் சொல்லை
நியாயமானது என்றே மொழிபெயர்த்திருக்கிறேன்.
அன்று வாய் வரவில்லை.
"பொருத்தமா இருக்காம்" என்றேன்.
இருக்கு என்பதன் வாலில் ஓர் ஆம்.
நான் சொல்லவில்லை, அவர்கள் சொல்கிறார்கள் என்று
அந்த ஒரு விகுதியில் கை கழுவிக்கொண்டேன்.
தமிழில் இந்த வசதி இருக்கிறது.

அவளுக்கும் தமிழ் தெரியும்.
என்னையே பார்த்தாள், ஆமை மட்டும் தொட்டு:
"இருக்காமா?"

பின்னால் நாற்பத்தெட்டு எழுந்து நின்றுவிட்டார்.
மேல்முறையீடு செய்யலாம், பதினான்கு நாள் என்றேன்.
தலையாட்டினாள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
மலாய் படிக்கத் தெரியாது, எண்கள் தெரியும்.
"இதுலதானே எனக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கு?"
ஆமாம்.
"முழுசா ஒண்ணு?"
ஆமாம்.
"அப்ப எனக்கு ஒரு நகல் குடுங்க.
பலகையப் பிரிக்கச் சொல்லிக் கேக்கணும்.
சுலாஸ்திரிக்கும் ஒண்ணு."

ஒரு நகலுக்கு ஒன்றரை வெள்ளி.
மூன்று வெள்ளியைச் சில்லறையாக எண்ணி
கண்ணாடிக்கடியில் தள்ளினாள்.
நான் முத்திரை குத்தினேன்,
இரண்டிலும்,
கொஞ்சம் பலமாகவே.