ஆம் முப்பத்தொன்று, இல்லை முப்பத்து நான்கு

ராஸ் அல் கைமாவில் ஓட்டல் முகப்புக்கு
மீட்டர் கணக்கில் புத்தகம் வந்திறங்கியது.
நாற்பது மீட்டர், பெரும்பாலும் தோல் அட்டை.
முதுகு மட்டும் போதும் என்றார் இன்ஜினியர்,
பலகை எடை தாங்காது,
இரண்டு விரற்கடை விட்டு மீதியை அறுத்துவிடுங்கள்.

அறுக்கிற வேலை எனக்கும் மனிருஸ்ஸமானுக்கும்.
வெளியே கொட்டகையில் என்பதால்
பன்னிரண்டரைக்கு எங்களுக்கும் வெயில் ஓய்வு.
படுக்க அட்டைப்பெட்டி, தலைக்கு உயரமாக
மாண்புமிகு ஒபதையா டிரஸ்கல் அவர்களின் வாழ்வும் பணியும்.
பழைய ஏற்பாட்டில் ஒரே அதிகாரத்தில் முடிந்துபோகிற பெயர்;
இங்கே நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
என்னுடையது டிப்ளமோ இங்கிலீஷ். மெதுவாகத்தான் ஓடும்.

கால்வாய்ப் படகிழுக்கும் கோவேறு கழுதைக்குப் பின்னால்
பதினோரு வயதில் நடந்திருக்கிறார்.
பிறகு வக்கீல். பிறகு மாநிலச் சட்டசபை, மூன்று தடவை.
செங்கல் சூளைக்காரனுக்குச் சனிக்கிழமைதோறும்
காசாகவே கூலி கொடு,
கடைச் சீட்டாகக் கொடுக்காதே.
இவ்வளவுதான் மசோதா.
ஆம் முப்பத்தொன்று, இல்லை முப்பத்து நான்கு.
மறு வருஷமும் கொண்டுவந்தார். மேசைமேலேயே கிடந்தது.
மூன்றாம் முறை நிறைவேறியது,
'இரு தரப்பும் சம்மதித்தால்' என்று
யாரோ ஒரு வால் ஒட்டிய பிறகு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
இது ஜூலை; ஏப்ரல் சம்பளமே இன்னும் வரவில்லை.
நானும் சம்மதித்துத்தான் கையெழுத்துப் போட்டேன்,
மூன்று இடத்தில்.

இருநூற்று ஆறாம் பக்கத்தில் அந்த மனிதர்மேல்
கொஞ்சம் பிரியம்கூட.
இருநூற்று ஒன்பதில்
கப்பலில் வந்திறங்கும் அயல்நாட்டுக் கூலிகளுக்குத்
தலைவரி போடும் மசோதா.
ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டிருக்கிறார்கள்.
டிரஸ்கல்: ஆம்.
விளக்கம் ஏதுமில்லை. அடுத்த பத்தியில்
மகளுக்குக் கல்யாணம்.

மூன்று மணி. அதற்குமேல் தெரியாது,
எப்போது தோற்றார், எதில் செத்தார்.
மனிருஸ்ஸமான் வாளைப் போட்டுவிட்டான்.
தூள் மஞ்சளாகப் பறந்தது,
தும்மினால் பழைய பசை நாற்றம்.
முதுகை நானே ஒட்டினேன், ஒன்பதாம் தட்டில்,
பொன்னெழுத்து வெளியே தெரிய.
ஏணியில்லாமல் யாருக்கும் எட்டாது.

ராத்திரி கேம்ப் பஸ்ஸில் ஆள் கணக்கு.
ஃபோர்மேன் அவுக்கர் நம்பர் நம்பராகக் கூப்பிட்டார்.
ஹாஜர். ஹாஜர். பிரசென்ட். ஹாஜர்.
நாலாயிரத்து நூற்றுப் பதினேழு.
இல்லை என்றேன்.
பஸ் முழுக்கச் சிரித்தது. அவுக்கர் சிரிக்கவில்லை.
தலையைத் தூக்கி என்னை ஒரு தடவை பார்த்து
டிக் அடித்துக்கொண்டார்.